பழங்கதையும் புதுத்திறனும்

ஆண்டாள் மாலை சூடிக்கொடுத்த வரலாறு திருவில்லிபுத்தூருக்கு உரியது. அதனைக் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காப்பியமாகப் பாடினார். அருகிலுள்ள இராசபாளையத்தில் தமிழோடு தெலுங்கும் வழங்குதலின், அக்கதைக்கு இருமொழியாலும் உரிமையுடையோர் அங்கு உளர். மீண்டும் சொல்லப்பட்டதனால் கதை சிறுமையுறவில்லை, வளமே பெற்றது.

வீரக்கதைத் திரைப்படங்களும் இவ்வாறே மீண்டும் மீண்டும் பிறக்கின்றன. இரட்டையருள் ஒருவன் அரசாள, மற்றவன் இரும்பு முகமூடியுடன் சிறைப்படும் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா எழுதினார். 1929இலும் 1939இலும் ஆலிவுட்டில் அது படமாயிற்று. தமிழில் ‘உத்தம புத்திரன்’ என்னும் பெயரால் இருமுறை வந்தது. 1940இல் பி. யு. சின்னப்பாவும் 1958இல் சிவாஜி கணேசனும் இரட்டை வேடம் ஏற்றனர். ஒரே முகத்தில் செருக்கையும் பண்பையும் வேறுபடுத்திக் காட்டுதல் எளிதன்று. அத்திறனைக் காணவே மக்கள் அறிந்த கதையை மீண்டும் நாடினர்.

கலைஞன் தன் திறனைச் சேர்ப்பின் பழங்கதையும் புதிதாகும்; சேர்க்காவிடின் அது வெறும் படியே.