பழைய பலகையில் ஆணி பிடுங்க எதை வாங்குவது?

ஜொகூரில் பழைய பலகைக்குப் பஞ்சமே கிடையாது. பாசிர் கூடாங், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகங்கள் வழியாக வரும் சரக்கோடு பெலட்டுகளும் வந்து குவிகின்றன. புதுத் தாமான் எழும்பும் இடமெல்லாம், கான்கிரீட் ஊற்ற அடித்த அச்சுப் பலகைகள் வேலை முடிந்ததும் ஓரமாகக் கிடக்கின்றன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது (இன்றைய மவுண்ட் ஆஸ்டினும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான்) பிரித்த பலகை வீடுகளின் மரம் இன்னும் எங்காவது ஒரு கோழிக்கூண்டிலோ கார் கொட்டகையிலோ உயிரோடு இருக்கிறது. இந்த மரத்தை எடுத்து ஒரு அலமாரி, ஒரு பெஞ்சு செய்யலாம் என்று உட்காருகிறவரை முதலில் மடக்குவது ஆணி. வீட்டில் இருக்கிற சுத்தியலை வைத்து மல்லுக்கட்டி, பலகையைப் பிளந்து, விரலையும் நசுக்கிக்கொண்டு, கடைசியில் புதுப் பலகையே வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஹார்ட்வேர் கடைக்குப் போனால் பெரிய கடப்பாரைதான் முதலில் கண்ணில் படும். கனமாக இருக்கிறது, விலையும் அதிகமில்லை, இதுவே எல்லாவற்றையும் பிடுங்கிவிடும் என்று தோன்றும். பிடுங்கும், ஆனால் பலகையும் கூடவே போகும். பலகை முழுசாக வேண்டும் என்பவருக்கு என் சிபாரிசு இரண்டு சின்னச் சாமான்கள்: முனை வளைந்த ஒரு அடி நீள ஆணிக்கம்பி, பத்து அங்குலக் குறடு. அடிப்பதற்கு வீட்டில் இருக்கும் சுத்தியலே போதும். மற்றதெல்லாம் வேலையைப் பார்த்துப் பிறகு வாங்கலாம்.

கருவிக்கு முன்னால் மரத்தைப் பார்க்க வேண்டும். ஆணியை மரம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பது மரத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. அடர்த்தி கூடக் கூட, பிடிமானம் அதைவிட வேகமாகக் கூடும். அமெரிக்க வனத்துறை ஆய்வகத்தின் மரக் கையேடு தரும் கணக்குப்படி, பிடிமானம் அடர்த்தியின் இரண்டரை அடுக்காக ஏறுகிறது. மூவார் மேசை நாற்காலிப் பட்டறைகள் அறுக்கும் ரப்பர் மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ. செங்கால் 900-ஐத் தாண்டும். எடையில் வித்தியாசம் ஒன்றரை மடங்குதான், ஆனால் அதே ஆணியைச் செங்காலிலிருந்து உருவ இரண்டரை, மூன்று மடங்கு பலம் கேட்கும். கெம்பாஸ் (ஜொகூர் பாரு பக்கத்து ஊர்ப் பெயராகவும் நமக்குப் பழக்கம்) வேறு விதமாகப் படுத்தும். அந்த மரத்தில் அமிலத்தன்மை உண்டு, இரும்பை அரித்துவிடும். வெளியே கொண்டை நன்றாகத் தெரியும், நெம்பினால் கொண்டை மட்டும் கழன்று கையோடு வரும், தண்டு உள்ளேயே தங்கிவிடும்.

துருப்பிடித்த ஆணிக்கு ஒரு பழைய வழி உண்டு. பிடுங்குவதற்கு முன்னால் அதை ஒரு மில்லிமீட்டர் உள்ளே அடியுங்கள். துருவுக்கும் மரத்துக்கும் இடையே இருக்கும் ஒட்டு விடுபட்டு ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு அதே ஆணி பாதி வீம்போடுதான் நிற்கும்.

இனி கருவிகள். வால் பிளந்த சுத்தியல் எல்லார் வீட்டிலும் இருப்பது. அது அடிப்பதற்கென்று செய்தது, பிடுங்குவது உபதொழில். கொண்டை ஏற்கெனவே மேலே எழும்பி நின்றால் அருமையாக வேலை செய்யும். கைப்பிடி 30 சென்டிமீட்டர், ஊன்றும் இடத்திலிருந்து ஆணி 3 சென்டிமீட்டர் என்றால் நீங்கள் கொடுக்கும் பலம் பத்து மடங்காகும். ஆனால் ஆணி மேலே வர வர ஊன்றும் இடம் தள்ளிப் போகிறது, பலம் குறைகிறது, ஆணி வளைந்து துளையை அகலமாகக் கிழிக்கிறது. மூன்று அங்குல ஆணியென்றால் பாதி வந்ததும் நிறுத்தி, சுத்தியலுக்கு அடியில் ஒரு துண்டு பிளைவுட்டை வைத்து மறுபடி இழுக்க வேண்டும். பலகையில் தழும்பும் விழாது.

சுத்தியல் புதிதாக வாங்குவதாக இருந்தால் வால் நன்றாக வளைந்ததாகப் பாருங்கள். நேர் வால் பலகைகளைப் பிரிக்க நல்லது, ஆணிக்கு வளைவுதான் தோது. 450 கிராம் தலை வீட்டு வேலைக்குப் போதும். மரக் கைப்பிடி அடிக்கும்போது கைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் ஆணி பிடுங்கும்போது கழுத்தில்தான் முறியும். தலையும் தண்டும் ஒரே இரும்பில் அடித்த எஸ்ட்விங் மாதிரிச் சுத்தியலில் இந்தத் தொல்லை இல்லை. 1923இல் அமெரிக்காவின் ராக்ஃபர்டில் தொடங்கிய கம்பெனி அது. விலைதான் கொஞ்சம் கடிக்கும். ஃபைபர் கைப்பிடி நடுவாந்தரம்.

கொண்டை பலகையோடு பலகையாகப் படிந்து கிடந்தால் சுத்தியல் வால் அதன் அடியில் நுழையாது. பழைய வீட்டு மரத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான். இங்கேதான் வளைமுனை ஆணிக்கம்பி வேண்டும். அமெரிக்கத் தச்சர்கள் இதை ‘கேட்ஸ் பா’ என்பார்கள். நம் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டால் ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள், ஆகவே உருவத்தைச் சொல்லிக் கேளுங்கள்: ஒரு முனை வளைந்து, லேசாகக் குழிந்து, நடுவில் பிளந்த சிறு கம்பி. பிளவின் இரு நுனிகளையும் கொண்டைக்குச் சற்றுப் பின்னால் சாய்வாக வைத்து, கம்பியின் வளைவில் சுத்தியலால் இரண்டு போடு போட்டால் நுனிகள் மரத்துக்குள் இறங்கிக் கொண்டையின் அடியைப் பிடிக்கும். கம்பியைப் பின்னால் சாய்த்தால் ஆணி ஒரு சென்டிமீட்டர் எழும்பும். அத்தோடு இந்தக் கருவியின் வேலை முடிந்தது. மீதியைச் சுத்தியலோ குறடோ பார்த்துக்கொள்ளும். கம்பியாலேயே முழுசாகப் பிடுங்க முயல்வதால்தான் பலகையில் பெரிய பள்ளம் விழுகிறது.

சின்னப் பள்ளம் எப்படியும் விழும், அதைத் தவிர்க்க முடியாது. பள்ளம் எவ்வளவு பெரிது என்பதை நுனியின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. மலிவான கம்பிகளில் நுனி மொத்தையாக இருக்கும். அரத்தால் தேய்த்துச் சன்னமாக்கலாம். ஜப்பானியத் தச்சர்கள் வைத்திருக்கும் தட்டையான மாதிரியில் நுனி மிக மெல்லியது, காயம் பாதிதான். கண்ணில் பட்டால் விடாதீர்கள். கடையிலேயே சோதிக்க ஒரு வழி: இரண்டு அங்குல ஆணி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிளவின் அடிவரை ஆணித் தண்டைத் தள்ளிப் பாருங்கள். பிளவு குறுகிக் குறுகிப் போய்த் தண்டை இறுக்கிப் பிடித்தால், கொண்டை இல்லாத ஆணியையும் அது கடித்து இழுக்கும். தண்டு லொடலொடவென்று ஆடினால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

குறடு நம் ஆட்கள் மறந்துவிட்ட கருவி. கட்டிங் பிளேயர் இருக்கிறதே என்பார்கள். அது கம்பி வெட்டத்தான். தச்சர் குறட்டின் தாடை உருண்டு வளைந்திருக்கும். மலாய்க் கடையில் ‘காக்காக் துவா’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். காக்கட்டூ கிளிக்கும் மலாயில் அதே பெயர், தாடை அந்தப் பறவையின் அலகேதான். ஆணியை இழுக்கக் கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். தண்டை அடியில் கவ்வி, அந்த உருண்ட தாடையைப் பலகைமேல் பக்கவாட்டில் உருட்ட வேண்டும். ஆணி அரை அங்குலம் வரும். மறுபடி அடியில் கவ்வி, மறுபடி உருட்டு. கொண்டை கழன்ற கெம்பாஸ் ஆணி, முகத்தில் தெரியாத சின்னத் தலை ஆணி, காற்றுத் துப்பாக்கியால் அடித்த மெல்லிய ஆணி எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து. அலமாரிச் சட்டத்தில் இருக்கும் சின்னத் தலை ஆணியை முன்பக்கமாகப் பிடுங்கினால் வண்ணமும் சில்லும் பெயரும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கூரைக் கவ்வி அப்படியே உருட்டி இழுங்கள். சின்னத் தலை மரத்துக்குள்ளாகவே வந்துவிடும், முன்முகத்தில் ஊசித் துளை மட்டும் மிஞ்சும்.

வாங்கும்போது தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரு விளிம்புகளுக்கு நடுவே கீற்று வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய ஆணி வழுக்கும். விளிம்பு கத்திபோலக் கூராகவும் வேண்டாம், ஆணியை வெட்டிவிடும். வாங்கி வந்து அரத்தால் ஒரு இழுப்பு மழுக்கினாலும் சரி. எட்டு அங்குலத்தைவிடப் பத்து அங்குலம் கைக்கு நோகாது.

தட்டைக் கம்பியை மூன்றாவதாக வாங்கலாம். சுவரில் வரிசையாக அடித்த பலகைகளைப் பிரிக்க இதைவிட நல்லது இல்லை. பலகையின் அடியில் நுழைத்து ஒரு சென்டிமீட்டர் தூக்குங்கள்; பிறகு பலகையைச் சுத்தியலால் பழைய இடத்துக்கே தட்டுங்கள். பலகை கீழே போய்விடும், ஆணிகளின் கொண்டை மட்டும் மேலே நிற்கும். ஒரு கொண்டையைக்கூடத் தோண்டவேண்டியதில்லை. தகரக் கூரையில் இருக்கும் குடை ஆணிக்கும் இதுவே பொருத்தம். தகரம் நசுங்காமல் இருக்க அடியில் பலகைத் துண்டு வையுங்கள். பழைய கூரை தகரமா ஆஸ்பெஸ்டாஸா என்று சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள். உடைந்த தூள் நுரையீரலுக்குப் போகும். அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்.

பெரிய கடப்பாரை கட்டடம் பிரிக்கிறவர்களுக்கு. இடிதடி ஓடும் கனமான ஆணிப்பிடுங்கியும் உண்டு, கிரெசண்ட் 56 என்பது பேர் போன ஒன்று. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஆணி பிடுங்குகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

பெலட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தோற்பது அங்கேதான். பெலட்டு ஆணியின் தண்டில் வளையமோ திருகோ இருக்கும். வெளியே வரக் கூடாது என்றே செய்த ஆணியைப் பிடுங்க எந்தக் கருவியை வாங்கினாலும் மெல்லிய பலகை முதலில் பிளக்கும். ஆகவே பிடுங்காதீர்கள், வெட்டுங்கள். பலகையைத் தட்டைக் கம்பியால் கொஞ்சம் நெம்பி, இடைவெளியில் இரும்பு அறுக்கும் பிளேடை விட்டுத் தண்டை அறுத்துவிடலாம். கொண்டை பலகையிலேயே தங்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். வீட்டுக்குள் வைக்கப் போகும் மரமாக இருந்தால் முத்திரையையும் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளுக்கு 2002இல் வந்த அனைத்துலக விதிப்படி, பதப்படுத்திய மரத்தில் கதிர்ச் சின்னத்தோடு முத்திரை இருக்கும். ‘எச்டி’ என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை சூட்டில் 30 நிமிடம் வைத்தது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை விட்டுவிடுங்கள்.

கல் சுவரில் தீபாவளித் தோரணத்துக்கு அடித்த ஆணி வேறு சாதி. அது கடினப்படுத்திய எஃகு, வளையாது, முறியும். குறட்டால் கவ்வி, இரு பக்கமும் லேசாகத் திருகி நேராக உருவுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் பூச்சு வட்டமாகப் பெயர்ந்து விழும்.

ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடித்து வாலை இறக்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டும் கடினப்படுத்திய முகங்கள். சில்லு தெறித்தால் நேரே கண்ணுக்குத்தான். அடி வாங்கவென்றே செய்தது ஆணிக்கம்பி. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிடுங்கிய ஆணிகளை அப்போதைக்கப்போது ஒரு மைலோ டின்னில் போடுங்கள், தரையில் விடாதீர்கள். ஆணி குத்தினால் வரும் டெட்டனஸ் கிருமி துருவில் பிறப்பதில்லை, மண்ணில் இருப்பது. பளபளக்கும் புது ஆணியிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். கடைசியாக ஊசி போட்டுப் பத்து ஆண்டு தாண்டியிருந்தால் கிளினிக்கில் கேட்டு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். பலகையைப் பட்டறைக்கு இழைக்கக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஆணி போதும், இழைப்பு எந்திரத்தின் பிளேடு போய்விடும், அந்தப் பட்டறையில் அடுத்த முறை உங்கள் மரத்தை வாங்கமாட்டார்கள்.