வீட்டுச் சுவருக்கு ஏற்ற வெள்ளை

பொங்கலை முன்னிட்டு வீட்டுக்கு வெள்ளையடித்தல் நம்மிடையே தொன்றுதொட்டு நிலவும் வழக்கமாகும். அன்று பூசிய நிறத்துடனேயே ஓராண்டு முழுதும் நாம் வாழ வேண்டியிருக்கிறது. ஆதலின், எந்த வெள்ளை நம் வீட்டுக்கு ஏற்றது என்பதை முன்னரே ஆராய்தல் நலம்.

வெள்ளையிலும் வேறுபாடு உண்டோ எனச் சிலர் வினவலாம். உண்டு. சுண்ணாம்புடன் சிறிது மஞ்சட் காவி சேர்த்தால் தந்த நிறமும், சற்றுக் கூட்டினால் சந்தன நிறமும், நீலம் சேர்த்தால் குளிர்ந்த வெண்மையும் உண்டாகும். இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன் இரண்டைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, வெளிச்சம். வடக்கில் மட்டும் சன்னல் உள்ள அறையில் நேர் வெயில் குறைவு. அங்கு நீலங்கலந்த வெள்ளை சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். தந்த நிறமே பொருந்தும். மாலை வெயில் விழும் மேற்கு அறையில் சந்தன நிறம் மேலும் பழுப்பாகக் காணும். அங்குத் தூய வெள்ளையே நன்று. ஓட்டுக் கூரையின் கீழ், சிறு சன்னலுடைய வீட்டில் சுவர் எவ்வளவு வெளிறியிருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் அறையில் பரவும். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இதனை மறத்தலாகாது.

இரண்டாவது, பக்கத்து நிறம். செங்காவித் தரைக்கும் எண்ணெயிட்ட தேக்குக் கதவுக்கும் தந்த நிறம் இணங்கும். சாம்பல் நிறச் சிமெண்டுத் தரைக்குத் தூய வெள்ளை எடுப்பாகும். சுவரின் அடியில் ஒரு முழ உயரம் செங்காவிப் பட்டையிட்டால் கறை தெரியாது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றி ஒரு நாள் வைத்து, கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் என்னும் அளவில் கரைத்துத் துணியில் வடிகட்டுக. வேலம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் பூச்சு ஒட்டி நிற்கும். நீலம் கிலோவுக்கு 3 கிராமுக்கு மேற்படலாகாது. துணிச் சாயங்கள் பல சுண்ணாம்பின் காரத்தில் வெளிறிவிடும். மண் காவிகளே நிலைக்கும். முதற்பூச்சு தூய வெள்ளையாகவும், அடுத்தவை நிறங்கலந்தும் இருத்தல் முறை. ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே முறையில் கலத்தல் வேண்டும். மறுமுறை கலந்தால் அதே நிறம் வருதல் அரிது.

பானையில் காணும் நிறத்தை நம்பி முழுச் சுவரையும் பூசிவிடலாகாது. ஈரத்தில் ஒரு நிறம். காய்ந்தபின் வேறு நிறம். கதவருகே ஒரு முழம் பூசி உலரவிட்டு, காலை, நண்பகல், இரவு விளக்கொளி ஆகிய மூவேளையும் பார்த்து முடிவு செய்க. கடையில் வாங்கும் டிஸ்டெம்பருக்கும் இம்முறை பொருந்தும். ஆயின், உதிரும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதனைப் பூசினால் உரிந்து விழும்.

நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். கண்ணில் தெறிப்பின் பார்வையே கெடலாம். சிறுவரை அருகில் விடலாகாது. தெறித்துவிட்டால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் பொறுப்பிலுள்ள கட்டடம் ஒன்றில் இவ்வாறு செய்து காட்டினால், ஊரார் தாமே கண்டு பின்பற்றுவர் என்பது நம் நம்பிக்கை.