கை வைத்த இடத்தை முதலில் பார்

தம்பி, புது பேட்டரியை மாட்டி முடித்துச் சாவியைத் திருப்புகிறாய். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று உன் முகத்தையே பார்க்கிறார். இந்தத் தொழிலுக்கு வந்த எல்லோருக்கும் இது நேர்ந்திருக்கிறது, உனக்கும் நேரும். அந்த நேரத்துக்கு உதவட்டும் என்று சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

1. வண்டி ஓடி வந்ததா, தள்ளி வந்ததா என்று கேள். ஓடி வந்தது என்றால் கோளாறு பெரும்பாலும் நீ கை வைத்த இடத்தில்தான் இருக்கும். “செல்ஃப் மோட்டார் போயிருக்கும் சார்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே நல்ல மோட்டாரைக் கழற்றிப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தள்ளி வந்த வண்டி என்றால், பழைய பேட்டரிதான் குற்றவாளியா என்பதையே திரும்ப யோசிக்க வேண்டும்.

2. காதைக் கொடு. ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்தால் கரண்ட் போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ என்றால் டெர்மினலிலோ எர்த்திலோ செல்ஃபிலோ தடை இருக்கும். சத்தமே இல்லையா, ஃப்யூஸையும் ரிலேயையும் பார். கூடவே ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவர் ‘பி’யில் இருக்கிறதா, சில வண்டிகளில் கேட்பதுபோல் கிளட்சை மிதித்தாயா என்றும் பார். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா என்று கவனி. மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைக் கொண்டுவரச் சொல். அவசரக்காரன் காதில் இந்த நான்கும் ஒரே சத்தமாகத்தான் விழும்.

3. கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகு. அசைந்தால் அங்கேயே நில், மேலே போகாதே. பாதி வண்டிகளுக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும். ஜப்பான் அளவில் வரும் சிறிய பேட்டரிகள் பலவற்றுக்கு டெர்மினல் மெல்லியது. பழையது தடித்ததாக இருந்திருந்தால் அதே கிளாம்ப் இதில் எத்தனை முறுக்கினாலும் கவ்வாது. கழற்றி உள்பக்கம் பார்த்தால் தெரியும்: பிடித்த இடம் மட்டும் கோடாகப் பளபளக்கும், மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்கும். அதில் ஆணியையோ தகரத்துண்டையோ செருகி அனுப்புகிற வழக்கம் நம் தொழிலில் உண்டு. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அதைப் பார்த்தால் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வார். “இங்கே ஸ்டார்ட் ஆகும், அவர் பிள்ளையைக் கூட்டிவரப் போன பள்ளிக்கூடத்து வாசலில் ஆகாது” என்பார். ஈயத்தில் உறை கிடைக்கிறது, அதை வாங்கிப் போடு. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு மாட்டு. புதுப் பேட்டரியின் பிளஸ் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தாயா என்றும் பார்த்துக்கொள். சிரிக்காதே.

4. புதுசு என்ற சொல்லை நம்பாதே. கடை அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரியும் புதுசுதான். மல்டிமீட்டரை வை: 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி போய்விட்டது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் முதலில் சார்ஜில் போடு. அவசரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டு அதன் மேல் குனியாதே. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

5. எர்த் கேபிளுக்கு இன்னொரு முனையும் உண்டு. பேட்டரிப் பக்கம் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டு, அது பாடியிலும் கியர்பாக்ஸிலும் மாட்டியிருக்கும் இடத்தை மறந்துவிடுவோம். துருப்பிடித்த அந்த ஒரு போல்ட், மூடிக் கிடக்கும் லெவல் கிராசிங் கேட் மாதிரி மொத்தப் போக்கையும் நிறுத்திவிடும். குனிந்து கையை நீட்ட மனமில்லாதவனுக்கு அது கண்ணில் படாது.

6. கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது. வாங்கும்போதே 38பி20எல்லா, 38பி20ஆரா என்று அந்தக் கடைசி எழுத்தையும் படி. பிளஸ் எந்தப் பக்கம் என்பது அதில்தான் இருக்கிறது. மாறிப் போய், கேபிள் எட்டுகிறதே என்று தலைகீழாக மாட்டினால் மெயின் ஃப்யூஸோடு தப்பிக்கலாம். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் சேர்ந்து போகும். அப்படி நடந்துவிட்டால் வண்டிக்காரரிடம் உடனே சொல், செலவை ஏற்றுக்கொள். அவர் திட்டுவார், கேட்டுக்கொள். மறைத்துப் பில்லில் ஏற்றியவனிடம் அவரோடு சேர்ந்து தெருவும் வராமல் போகும்.

7. ஸ்டார்ட் ஆனதும் பணத்துக்குக் கை நீட்டிவிடாதே. எஞ்சின் ஓட ஓட டெர்மினலில் மீட்டரை வை. 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. உன் புதுப் பேட்டரியும் இரண்டொரு நாளில் படுத்துவிடும். கழற்றி வைத்தது நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கலாம். அதைச் சார்ஜில் போட்டுப் பார்த்துவிட்டு, அவர் முன்னால் மீட்டரைக் காட்டிப் பேசு. அதுவரை பழையதை எடைக்குப் போட்டுவிடாதே.