தாக்கல் செய்யாமல் விட்ட ஆண்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரின் பொங்கோலில் வீவக அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையையே அலுவலகமாக்கிக்கொண்டு, சிராங்கூன் சாலைக் கோயில் திருமணங்களையும் தைப்பூசக் காவடிகளையும் படம்பிடித்துப் பிழைக்கும் இளைஞர்களில் நீயும் ஒருவன். தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பெயர் பதிந்து தனியாளாகத் தொழில் நடத்துகிறாய். இரண்டு ஆண்டுகளாக வருமான வரிப் படிவம் கொடுக்கவில்லை. வந்த கடிதங்களைப் பிரிக்கவும் மனம் வரவில்லை. விட்ட ஆண்டுக்கு இப்போது போய்ப் படிவம் கொடுத்தால் நாமே வலியப் போய் மாட்டிக்கொள்வோமோ என்ற தயக்கம் பலரிடம் உண்டு. அந்தத் தயக்கம் கணக்கில் தவறானது என்பதே என் வாதம். தாமதமான படிவத்தை இப்போது கொடுப்பதால் வரும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. பேசாமல் இருப்பதால் வரும் செலவோ மாதத்துக்கு மாதம் ஏறுகிறது.

நடைமுறையைப் பார். சென்ற ஆண்டு நீ ஈட்டியதற்கு இந்த ஆண்டு ஏப்ரல் 18க்குள் மின்வழியில் கணக்குக் கொடுக்க வேண்டும். தாளில் கொடுப்பதானால் ஏப்ரல் 15. கொடுக்காவிட்டால் உள்நாட்டு வருவாய் ஆணையம் உன் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. பழைய ஆண்டுகளின் வருமானம், தன் கைக்கு எட்டிய மற்ற தகவல்கள் ஆகியவற்றைக் கொண்டு உன் வருமானத்தை அதுவே உத்தேசமாகக் கணித்து மதிப்பீட்டு அறிவிப்பை அனுப்பிவிடும். உத்தேசம் தவறு என்று சொல்ல உனக்கு 30 நாள். ஆட்சேபித்தாலும் வரியை அதே 30 நாளுக்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் 5 விழுக்காடு அபராதம். பிறகும் பாக்கி நின்றால் மாதம் 1 விழுக்காடாக மேலும் 12 விழுக்காடு வரை ஏறும். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வசூலிக்கவும், கட்டும்வரை நாட்டை விட்டு வெளியேறத் தடை விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. படிவம் கொடுக்காத குற்றத்துக்குத் தாமதக் கட்டணமாக 5,000 வெள்ளி வரை கேட்கலாம். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ கொடுக்காமல் இருந்து நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால், மதிப்பிட்ட வரியைப் போல் இரு மடங்கும் அதன்மேல் 5,000 வெள்ளி வரை அபராதமும் கட்ட நேரிடும். நீ இப்போது நிற்பது சரியாக அந்த இரண்டாம் ஆண்டின் விளிம்பில்.

இனி எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொள். செலவெல்லாம் போக ஒருவருக்கு ஆண்டுக்கு 28,000 வெள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 55 வயதுக்குக் கீழுள்ளவருக்கு உழைப்பு வருமானக் கழிவு 1,000 வெள்ளி உண்டு. மீதி 27,000. முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. எஞ்சிய 7,000க்கு 2 விழுக்காடு. ஆக வரி 140 வெள்ளி. தேசிய சேவையாளர் கழிவு போன்றவற்றைச் சேர்த்தால் இன்னும் குறையும். 140 வெள்ளிக்காக ஆயிரக்கணக்கான வெள்ளி அபராதத்தை எதிர்நோக்கி ஒருவர் இரவில் தூங்காமல் கிடக்கிறார் என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது. வரி பெரிதாக இருக்கும் என்று எண்ணிப் பயப்படுகிறவர்களில் பலர் அதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

உண்மையில் கனமானது வரியல்ல, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு. அதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நிகரத் தொழில் வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் செலுத்தும் கடமை தொடங்குகிறது. 18,000ஐத் தாண்டினால் 35 வயதுக்குட்பட்டவருக்கு 8 விழுக்காடு. மேலே சொன்ன 28,000க்கு அது 2,240 வெள்ளி. விட்ட ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் உன் பெயரிலுள்ள கணக்குக்கே போகிறது, வரிக் கணக்கில் கழிவாகவும் கிடைக்கிறது, மத்திய சேமநிதிக் கழகத்திடம் கேட்டுத் தவணையிலும் கட்டலாம். தள்ளிப்போட்டாலும் அது உன்னை விடாது. தொழில் பதிவைப் புதுப்பிக்கப் போகும் நாளில் மெடிசேவ் பாக்கி உன்முன் வந்து நிற்கும்.

படிவம் கொடுப்பதை அரசாங்கத்துக்கு நாம் செய்யும் சலுகையாகவும், கொடுக்காமல் இருப்பதை மிச்சமாகவும் நினைப்பதில்தான் பெரிய பிழை இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் சேமநிதிப் பதிவும் உண்டு. சுயதொழில் செய்பவருக்கு ‘எனக்கு இவ்வளவு வருமானம் உண்டு’ என்று ஊரறியச் சொல்லக்கூடிய தாள் மதிப்பீட்டு அறிவிப்பு ஒன்றுதான். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 2020ஆம் ஆண்டை நினைத்துப் பார். கொவிட் பரவலில் திருமணங்களும் விழாக்களும் ஒரே வீச்சில் நின்றுபோயின. மார்ச் 26 அன்று அறிவிக்கப்பட்ட சுயதொழில் செய்வோருக்கான வருமான நிவாரணத் திட்டத்தில் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கான தொகை மே, ஜூலை, அக்டோபர் மாதங்களில் தலா 3,000 வெள்ளியாகத் தரப்பட்டது. தொழில் வருமானத்தை ஏற்கெனவே ஆணையத்திடம் அறிவித்திருந்த தகுதியாளர் பலர் விண்ணப்பிக்காமலே அதைப் பெற்றார்கள். அந்தப் பதிவில் இல்லாதவர்கள் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு விண்ணப்பித்து, தாங்கள் தொழில் செய்தவர்கள்தாம் என்பதைத் தாள்களைக் காட்டி நிறுவ வேண்டியிருந்தது. கையில் காசில்லாத மாதங்களில் அந்த அலைச்சல் சிறிய தண்டனையல்ல. இன்றைக்கும் குறைந்த வருமானக்காரருக்கான வேலைநலன் தொகை சுயதொழில் செய்பவருக்குக் கிடைக்க வேண்டுமானால், வருமானத்தை அறிவித்து மெடிசேவும் செலுத்தியிருக்க வேண்டும்.

‘கட்டப் பணமில்லையே’ என்பாய். கணக்குக் கொடுப்பது வேறு, பணம் கட்டுவது வேறு. முதலாவதைச் செய்தவனுக்கு இரண்டாவதில் இடம் கிடைக்கும்: வருமான வரியை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ மூலம் 12 மாதம் வரை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம். அதிலும் சிரமமென்றால் காரணம் சொல்லிக் கூடுதல் அவகாசம் கேட்கலாம். கேட்பவர் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. ஆனாலும் கணக்கே கொடுக்காதவரைவிடக் கொடுத்துவிட்டுக் கேட்பவரின் நிலை மேல்.

‘ரசீதெல்லாம் தொலைந்துவிட்டது’ என்பது இதைவிட நியாயமான தடை. ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதை மீறியாகிவிட்டது. ஆனால் இன்றைய தொழிலில் எதுவும் முழுதாகத் தொலைவதில்லை. வங்கிக் கணக்கறிக்கை, பேநவ் வரவுகள், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்பட்டியல், திருமணத் தேதிகள் குறித்த நாட்காட்டி ஆகியவற்றை வைத்து வரவை மாதவாரியாகத் திரும்ப எழுப்பிவிடலாம். ரொக்கமாக வாங்கியதையும் விடாதே. செலவில் மட்டும் நிதானம் வேண்டும். வேலைக்குப் போன ரயில், டாக்சிக் கட்டணம், உதவியாளருக்குக் கொடுத்த கூலி, மென்பொருள் சந்தா எல்லாம் கழியும். சொந்தக் காரின் பெட்ரோலும் நிறுத்தக் கட்டணமும் தொழிலுக்கே ஓட்டியிருந்தாலும் கழியாது. கேமரா வாங்கிய விலை அன்றாடச் செலவில் சேராது; அது மூலதனப் படித்தொகையாக வரும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கருவியை ஒரே ஆண்டில் முழுமையாக எழுதிவிடலாம், ஆண்டுக்கு மொத்தம் 30,000 வெள்ளி வரை. ஆணையத்தின் உத்தேச மதிப்பீட்டில் உன் கேமராவுக்கு இடமிருக்காது. ஆண்டு வருவாய் 200,000 வெள்ளிக்கு மேல் போகாதவர் படிவத்தில் மொத்த வருவாய், சரிக்கட்டிய லாபம் என்ற இரண்டு எண்களை எழுதினால் போதும். அந்த இரண்டுக்கும் பின்னால் உள்ள கணக்கு உன் கையில் இருக்கட்டும்.

நட்டம்தானே, எதற்குப் படிவம் என்று சிலர் கேட்கிறார்கள். படிவம் கொடுக்கச் சொல்லிக் கடிதமோ குறுந்தகவலோ வந்துவிட்டால் வருமானம் பூச்சியமானாலும் கொடுத்தே ஆகவேண்டும். அதோடு, சொல்லப்பட்ட நட்டத்தைத்தான் பின்னாள் லாபத்தில் கழிக்க முடியும். இன்னும் சிலர் நான்கு ஆண்டு கடந்தால் ஆணையம் தொட முடியாது என்று காத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டு வரம்பு உண்மைதான். ஆனால் மோசடிக்கும் வேண்டுமென்றே கடமை தவறியதற்கும் அந்த வரம்பு பொருந்தாது. கடிதங்களைத் தெரிந்தே பிரிக்காமல் வைத்திருந்தவர் அதை வெறும் மறதி என்று வாதாடுவது கடினம்.

ஏற்கெனவே உத்தேச மதிப்பீடு வந்திருந்தால் 30 நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதே; உண்மைக் கணக்கைக் கொடுத்துத் திருத்தக் கேள். நீதிமன்ற அழைப்பாணை வந்திருந்தால் அதில் குறித்த நாளுக்கு முன்பே படிவத்தைக் கொடுத்துவிட்டு ஆணையத்தோடு பேசு. முன்பு கொடுத்த படிவங்களில் வருமானத்தைக் குறைத்துக் காட்டிய ஆண்டு ஏதாவது இருந்தால் அதையும் இப்போதே நீயே சொல்லிவிடு. தெரியாமல் நேர்ந்த பிழையைத் தாக்கல் கெடுவிலிருந்து ஓராண்டுக்குள் தானே முன்வந்து சொன்னால் அபராதமில்லை. அதற்குப் பிறகானால் குறைவாகக் கட்டிய வரியில் ஆண்டுக்கு 5 விழுக்காடு. ஆணையம் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

இன்று பிரிக்காத கடிதங்களைப் பிரித்து, எந்தெந்த ஆண்டு, எந்தெந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுது. சிங்பாஸ் வழியாக வரித்தளத்தில் நுழைந்து நிலுவையைச் சரிபார். எண்கள் குழப்பினால் கணக்காளர் ஒருவருக்கு ஒருமுறை கூலி கொடு, அது வீண்செலவாகாது. இந்த மாதத்துக்குள் முதல் படிவத்தைக் கொடுத்துவிடு, தம்பி.

அன்புடன்,
உன் நலம் நாடும் அண்ணன்