காப்பி நிற மச்சமும் நரம்புக் கட்டியும்



பிள்ளையைக் குளிப்பாட்டும்போது உடம்பை நன்றாகப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் மச்சங்கள் இருக்கின்றனவா? "மச்சக்காரப் பிள்ளை, அதிர்ஷ்டம்தான் போ!" என்பார்கள் பெரியவர்கள். ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. மிளகைவிடப் பெரிதாக (5 மில்லிமீட்டருக்கு மேல்) ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 'நியூரோஃபைப்ரோமட்டோசிஸ்' என்ற நோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம்.

இது என்ன நோய்?

மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு. இந்நோயில் அந்த உறையில் கட்டிகள் வளரும். சுமார் 3000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. 1882-இல் ரெக்லிங்ஹாசன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விளக்கி எழுதினார்.

யார் காரணம்?

யாரும் காரணமல்ல. இது மரபணுக் கோளாறு. பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறது. மறுபாதிப் பேருக்குப் புதிதாகவே தோன்றுகிறது. கிரகணத்தாலோ, பீங்கான் சூளைப் புகையாலோ வருவதல்ல. "சூளை வேலைக்குப் போனாளே, அதனாலதான்" என்று தாயின் மேல் பழி போடாதீர்கள். இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஆகவே முன்கூட்டியே டாக்டரின் ஆலோசனை பெறுவது நல்லது.

எப்போது ஆபத்து?

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் ஆழத்தில் கொத்தாக வளரும் கட்டி சிலருக்குப் புற்றாக மாறும். சிறுபிள்ளைகளுக்கு இது அபூர்வம், ஆனாலும் வருவதுண்டு. கவனிக்க வேண்டியவை:

1. தூக்கத்தைக் கெடுக்கும் ஓயாத வலி
2. கட்டி திடீரென்று பெருத்தல்
3. மெத்தென்று இருந்த கட்டி கல்லாக இறுகுதல்
4. கை கால் மரத்துப்போதல், பலம் குறைதல்

இவற்றில் ஒன்று கண்டாலும் நாள் கடத்தாதீர்கள். "வளர்ற பிள்ளை, வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். சூடு போடுவது, கீறுவது, பற்றுப் போட்டுக் காத்திருப்பது கூடவே கூடாது. புற்றாக மாறிய கட்டியை முழுவதும் அறுத்து எடுப்பதே முக்கிய சிகிச்சை. சிறியதாக இருக்கும்போது வந்தால்தான் அது சுலபம்.

எங்கே காட்டுவது?

முதலில் விருத்தாசலம் அரசு மருத்துவமனை. தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ செல்லலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் மச்சங்களைக் காட்டுங்கள். நோய் உறுதியான பிள்ளைக்கு வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண், முதுகெலும்பு, இரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம்.

மச்சத்தை எண்ணுங்கள், வலியை அசட்டை செய்யாதீர்கள்!