லிப்டன் துரையும் கால் இறாத்தல் பொட்டலமும்

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன தோட்டத்தைத் தாண்டி மேலே ஏறினால் 'லிப்டன் சீட்' வரும். நம் கல்லூரி மாணவியரில் பலர் குடும்பத்தோடு அங்கே போய்ப் படம் எடுத்திருப்பீர்கள். அந்த முகட்டில் அமர்ந்து தன் தோட்டங்களைப் பார்த்தவர் யார் என்று தேடி வாசித்தேன். உயர்தரத்தில் வணிகக் கல்வி படிக்கும் எனக்கு அவருடைய வாழ்க்கை ஒரு முழுப் பாடமாகவே இருந்தது.

தோமஸ் லிப்டனை நம் பெரியவர்கள் இங்கிலீஷ் துரை என்பார்கள். உண்மையில் அவர் ஆங்கிலேயர் அல்லர். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு வந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் 1848இல் பிறந்தவர். பெற்றோருக்கு ஒரு சிறு பலசரக்குக் கடை இருந்தது. முட்டையை வாப்பா எடுத்துக் கொடுக்க வேண்டாம், உம்மா கொடுக்கட்டும், சிறிய கையில் முட்டை பெரிதாகத் தெரியும் என்று சிறுவனாக இருந்தபோதே யோசனை சொன்னாராம். பஸாரில் கடை வைத்திருக்கும் என் வாப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "கை எதுவானாலும் முட்டை அதே முட்டைதானே மகள்" என்று சிரித்தார். அது சாமர்த்தியமா, ஏமாற்றா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு, கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையே ஓடிய கப்பலில் வேலை செய்து, சேர்த்த பணத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் தோட்டத்திலும் உழைத்தார். கடைசியாக நியூயோர்க்கின் பெரிய கடையொன்றில் பலசரக்குப் பிரிவில் நின்றார். அவர் தொழில் கற்ற இடம் அந்தக் கடைதான் என்பது என் எண்ணம். பொருளை அடுக்கும் விதம், வாடிக்கையாளரோடு பேசும் விதம், விளம்பரம் எல்லாம் அங்கே கண்டவை. ஊர் திரும்பும்போது தாய்க்கு ஒரு பீப்பாய் மாவும் ஓர் ஆடும் நாற்காலியும் கொண்டுவந்தார்.

1871இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். பத்து வருடத்தின் பின், நத்தார் காலத்தில், அமெரிக்காவில் செய்த இராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்க நாணயங்களை ஒளித்துவைத்து விற்றார். சனம் முண்டியடித்து வாங்கியது. 1880களின் முடிவில் அவருக்குச் சுமார் 300 கடைகள்.

அவ்வளவு கடைகளுக்கும் மலிவான தேயிலை தேவைப்பட்டது. இங்கே நம் மலைநாட்டில் 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்திருந்தது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டுக் காட்டியிருந்தார். 1890இல் அவுஸ்திரேலியா போவதாகச் சொல்லிப் புறப்பட்ட லிப்டன் கொழும்பில் இறங்கி, தம்பேதென்ன, மொனராகந்த, லேமஸ்தோட்ட முதலிய தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்குப் புகையிரதம் வந்ததே 1893இல்தான்.

அப்போது பிரித்தானியாவில் ஒரு இறாத்தல் தேயிலை ஏறக்குறைய மூன்று ஷிலிங். லிப்டன் ஒரு ஷிலிங் ஏழு பென்சுக்குக் கொடுத்தார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்காமல் ஒரு இறாத்தல், அரை, கால் என்று பொட்டலம் கட்டினார். நிறையில் சந்தேகமில்லை, ஏழையும் கால் இறாத்தல் வாங்கலாம். ஒவ்வோர் ஊர்த் தண்ணீருக்கும் ஏற்றபடி தேயிலையைக் கலந்தும் விற்றார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு, இடைத்தரகர் இல்லை என்பதே அவருடைய விளம்பரம். வியாபாரம் பெருகியபோது தன் தோட்டத் தேயிலை போதாமல் பெரும்பகுதியை வெளியில்தான் வாங்கினார். ஆனாலும் விளம்பரம் மாறவில்லை.

இடைத்தரகரைப் பற்றி எங்கள் பாடத்தில் வரும் போதெல்லாம் எனக்குக் கங்காணியின் ஞாபகம் வரும். அக்காலத் தோட்டங்களில் தொழிலாளிக்கும் துரைக்கும் நடுவே நின்றவர் அவரே. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை முற்பணம் கொடுத்து அழைத்து வந்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாதபடி 'துண்டு' முறை தொழிலாளியைக் கட்டிப்போட்டது. அது 1921இல்தான் ஒழிந்தது. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இருந்தவரை நீக்கினால் தேயிலை மலிந்தது. கொழுந்து பறிப்பவளுக்கும் அவள் கூலிக்கும் நடுவே இருந்தவரை நீக்கும் அவசரம் எந்த வியாபாரிக்கும் வரவில்லை. லிப்டனின் விளம்பரப் படங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் இருக்கிறாள். பெயர் மட்டும் துரையுடையது.

லிப்டன் 1898இல் 'சேர்' பட்டம் பெற்றார். அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டிக்கு ஐந்து தடவை போய் ஐந்திலும் தோற்றார், ஆனாலும் அமெரிக்கர் அவரை நேசித்தார்கள். 1931இல் காலமானபோது சொத்தின் பெரும்பகுதியை, தான் பிறந்த கிளாஸ்கோ நகருக்கே எழுதிவைத்திருந்தார். இந்த மலையில் பிறந்தும் மலையகத் தமிழர் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது.