பற்ற வைத்த காது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு குறுவை அறுப்பு முடிந்து தாளடிக்கு நாற்று பறிக்கிறார்கள். நீ அனுப்பிய படங்களைச் சித்தி பெரிதாக்கிக் காட்டினாள். கொட்டகையில் நீ கட்டுகிற இரண்டு பேர் உட்காரும் கார் அழகாகத்தான் இருக்கிறது. குழாய்ச் சட்டத்தில் ஒரு கோணல் இல்லை. ஆனால் முன்பக்கப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மாருதி 800-இல் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளில், டை ராடு பிடிக்கிற காதை அறுத்து, அரை விரல் தள்ளிப் பற்ற வைத்திருக்கிறாய். ஏன் செய்தாய் என்று புரிகிறது. ஸ்டியரிங் ரேக்கை உன் சட்டத்தில் உயரமாக வைத்துவிட்டாய். டை ராடும் லோயர் ஆர்மும் ஒத்துப்போகவில்லை. அப்படி இருந்தால் மதகுப் பாலம் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தாய், மருந்துதான் தப்பு. ரேக்கை இறக்கியிருக்க வேண்டும்.

நக்கிள் சாதாரண இரும்பு அல்ல. அதில் வெல்டிங் வைத்தால் தையலுக்குப் பக்கத்து இரும்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடும். விரிசல் அங்கேதான் பிறக்கும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. வெண்ணாற்றங்கரையில் என் அண்ணன் ஓட்டிய அம்பாசிடருக்கு நடந்தது இதுதான். பட்டறைக்காரன் "இது ஆயுசுக்கும் தாங்கும்" என்று சொல்லித்தான் அதன் ஆர்மைப் பற்ற வைத்துக் கொடுத்தான். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நாற்பது நாள் தாங்கியது. சம்பா வயலில் முழங்கால் சேறு இருந்ததால் உன் அப்பா பிழைத்தார். அவர் இன்னும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

இன்னொன்று. ஸ்டெபிலைசர் பாரை எடுத்துவிட்டாய். "உடல் சாயாமல் இருக்கத்தானே, சின்ன வண்டிக்கு எதற்கு" என்று நினைத்திருப்பாய். மாருதியில் அந்தக் கம்பிதான் லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடிக்கிறது. அது இல்லாமல் பிரேக் மிதித்தால் சக்கரம் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்.

கோவை கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டவில்லையா என்று கேட்டாய். கட்டினார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்கு வந்ததே அந்த ஃபார்முலா மாருதியில்தான். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த வண்டிகள் ஓடியது பந்தயத் தடத்தில். உன் வண்டி ஓடப்போவது பட்டுக்கோட்டை சாலையில். பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். ஆர்.டி.ஓ. விஷயம் தனி. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி சோதனைச் சான்று இல்லாமல் நம்பர் வாங்க முடியாது, நீயே விசாரித்துக்கொள்.

இனி உனக்கு இரண்டு வழி. ஒன்று, இப்படியே அங்கங்கே அறுத்து ஒட்டிக்கொண்டு போவது. மற்றொன்று, ஒரே மாருதியின் முன்பக்கத்தை முழுசாக எடுப்பது: நக்கிள், ஆர்ம், ஸ்ட்ரட், ஸ்டெபிலைசர், ரேக், அத்தனையும். அவை ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் நிற்கின்றன என்று அந்தக் காரிலேயே நூல் பிடித்து அளந்து, அதே அளவில் உன் சட்டத்தில் தாங்கி வை. ஸ்ட்ரட்டின் தலைக்கு முக்கோணமாகக் குழாய் கொடுத்துக் கோபுரம் கட்டு. வெல்டிங்கெல்லாம் சட்டத்தோடு நிற்கட்டும். எதைச் செய்வது என்பது உன் முடிவு. நான் வற்புறுத்தவில்லை. புதுப்பேட்டையில் நல்ல நக்கிள் ஜோடி கிடைக்கும், பணம் நான் அனுப்புகிறேன்.

நிறையத் திட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் இப்படி ஒரு கை யாருக்கும் அமைந்ததில்லை. உன் வயதில் எனக்கு ஒரு கார்புரேட்டரைக் கழற்றி மாட்டத் தெரியாது. வண்டி முடிந்ததும் முதலில் பக்கத்தில் உட்காரப்போவது நான்தான், சித்தியிடம் சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு வா. வரும்போது அந்தப் பற்ற வைத்த நக்கிளைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவா. அண்ணனிடம் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
சித்தப்பா